நாடியைத் திருத்திய மருந்துகளும் குருதியமுக்க நோயாளரின் இதயமும்

வரலாறு என்றதும் முடிமன்னரின் வெற்றி தோல்விகளையும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் நினைப்பது நம்மவர் வழக்கம். ஆயின், மனிதன் தன் உடலை அறிந்துகொள்ள முயன்ற முயற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலும் வெற்றிகள் உள. வெற்றியெனக் கொண்டாடப்பெற்றுப் பின்னர்த் தோல்வியென உணரப்பட்டனவும் உள. பின்னவையே மாணாக்கர்க்குப் பெரிதும் பயன் தருவன. அத்தகைய வரலாறு ஒன்றினை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. உயர் குருதியமுக்கத்தால் நெடுநாள் தாக்குண்ட இதயம் ஒழுங்கு தவறித் துடிக்கத் தொடங்குவதுண்டு. அவ்வொழுங்கின்மையைத் திருத்துமாறு கொடுக்கப்பட்ட மருந்துகள் இதயத்தைக் காத்தனவா, கெடுத்தனவா என்பதே நம் வினா. இதனை எழுதுவோன் வைத்தியனல்லன், வரலாறு கற்பிப்பவன். ஆதலின் எம்மருந்தை எவ்வளவு உண்ண வேண்டுமென்பது இங்கு ஆராயப்படவில்லை. சான்றோர் எவ்வாறு நம்பினர், எவ்வாறு தெளிந்தனர் என்பதே ஆராயப்படுகின்றது.

முதலில் குருதியமுக்கம் அளக்கப்பட்ட வரலாற்றைச் சுருங்கக் காண்போம். ஆங்கில மதகுருவாகிய ஸ்டீபன் ஹேல்ஸ் என்பார் ஒரு குதிரையின் நாடியில் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்து, குருதி 8 அடி 3 அங்குலம் வரை உயர்வதைக் கண்டார். இது 1733இல் வெளிவந்த அவரது நூலிற் கூறப்பட்டது. மனிதரிடத்தே தோலைக் கீறாது அமுக்கத்தை அளக்கும் வழியை 1896இல் இத்தாலிய வைத்தியர் ரீவா ரொச்சி அமைத்தார். 1905இல் உருசிய வைத்தியர் கொரொற்கொவ், கையிற் கட்டிய பட்டியின் கீழ் நாடியின் ஒலியைக் கேட்டு, மேலமுக்கத்தையும் கீழமுக்கத்தையும் பிரித்தறியும் முறையைக் கண்டார். இன்றும் வைத்தியசாலைகளிற் காணப்படும் கைப்பட்டியும் செவிக்குழாயும் இவ்விருவர் முயற்சியின் பயனாகும்.

உயர்ந்த அமுக்கத்தை எதிர்த்து நாள்தோறும் குருதியை வெளித்தள்ளும் இதயம், சுமை தூக்குபவனது தோள் போலத் தடிக்கின்றது. இத்தடிப்பை வலிமையென எண்ணுதல் பிழையாகும். தடித்த தசையினிடையே நார்த்தன்மையான பொருள் படிகின்றது. தசைக்குக் கிடைக்கும் குருதி போதாமற் போகின்றது. இடது இதயவறை விறைப்புற, அதற்கு மேலுள்ள சோணையறை விரிவடைகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள பிராமிங்காம் என்னும் ஊரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, இவ்வாறு இதயம் தடித்தவர்களிடையே திடீர் மரணம் மிகுந்திருப்பதைப் புலப்படுத்தியது. ஆகவே குருதியமுக்க நோயாளரின் இதயம் ஒழுங்கு தவறுவது தற்செயலன்று. நெடுநாட் சுமையின் விளைவாகும்.

இதயத் துடிப்பை ஆளுவது மின்னோட்டமாகும். சோணையறையின் ஒரு மூலையிற் பிறக்கும் மின்னலை, மேலறைகளிற் பரவிக் கீழறைகளாகிய இதயவறைகளுக்கு இறங்குகின்றது. ஒல்லாந்தரான ஐந்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த நுண்கருவி இவ்வலையைப் பதிந்து காட்டியது. அதன்பொருட்டு 1924இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதய மின்பதிவு தோன்றிய பின்னரே ஒழுங்கின்மைகள் வகைப்படுத்தி அறியப்பட்டன. சோணையறை ஒழுங்காகச் சுருங்காது நடுங்குவதைச் சோணையறை நடுக்கம் என்போம். அதனாற் குருதி உறைந்து மூளையைத் தாக்கலாம். ஆயினும் அவர் உடனே இறப்பதில்லை. இதயவறை நடுங்கினாலோ குருதியோட்டம் நின்றுவிடும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாவிடின் பின்வரும் வரலாறு விளங்காது.

ஒழுங்கின்மைக்கு மருந்து தேடிய முயற்சி மரப்பட்டையிலிருந்து தொடங்குகின்றது. 1749இல் பிரெஞ்சு வைத்தியர் செனாக், இதயத்தைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலில், நெடுநாட் படபடப்புக்குச் சிங்கோனாப் பட்டை பயன்படுமெனக் குறித்தார். 1785இல் ஆங்கில வைத்தியர் வில்லியம் விதரிங், நீர்வீக்கத்துக்கு நாட்டுப்புற மக்கள் வழங்கிவந்த மூலிகைக் கலவையை ஆராய்ந்து, அதன் ஆற்றலுக்குக் காரணமான டிஜிற்றாலிஸ் செடியைப் பற்றித் தம் பத்தாண்டு அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அது நாடியின் வேகத்தைத் தணிக்குமேயன்றி நடுக்கத்தை நீக்குவதில்லை. செனாக் கூறிய பட்டையோ நெடுங்காலம் மலேரியாக் காய்ச்சலுக்கே உரியதாகக் கருதப்பட்டது.

அப்பட்டையை மீண்டும் இதயத்தின்பாற் கொணர்ந்தவர் ஒரு வைத்தியரல்லர், ஒரு நோயாளர். கீழைத்தேசங்களில் வணிகம் செய்து திரும்பிய ஒல்லாந்த வணிகர் ஒருவர், 1912இல் புகழ்பெற்ற இதய வைத்தியரான வெங்கெபாக்கிடம் சென்றார். அவரது நாடி ஒழுங்கற்றிருந்தது. அதனைத் திருத்தத் தம்மால் இயலாதென வைத்தியர் கூற, நாளை ஒழுங்கான நாடியுடன் வருவேன் என்றுரைத்துச் சென்ற வணிகர் அவ்வாறே வந்தார். மலேரியாவுக்கெனத் தாம் வழக்கமாக உண்ணும் கொயினா மருந்தில் ஒரு கிராம் உட்கொண்டாற் படபடப்பு நீங்குவதை அவர் முன்னரே கண்டிருந்தார். வெங்கெபாக் இச்செய்தியை 1914இல் வெளிவந்த தமது நூலிற் பதிந்தார். 1918இல் பிரே என்பார், சிங்கோனாப் பட்டையிலுள்ள உப்புமூலங்களை ஒப்பிட்டு, அவற்றுள் குயினிடின் என்பதே ஆற்றல் மிக்கதென நிறுவினார். சிங்கோனா மரம் நம் நாட்டுக்கும் புதியதன்று. ஹக்கலைப் பூங்கா 1861இல் அம்மரத்தை வளர்க்கும் நோக்குடனேயே நிறுவப்பட்டது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்த காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிற் சிங்கோனா பரந்து வளர்ந்தது. அப்பட்டைக்குள் இதயத்தின் ஒழுங்கை மாற்றும் பொருளும் இருந்ததை அக்காலத்தவர் எண்ணியிருக்கமாட்டார்.

குயினிடின் பலரது நாடியைத் திருத்தியது. ஆயினும் அதனை உண்டோருட் சிலர் திடீரென மயங்கி விழுந்தனர், சிலர் எழவில்லை. இதன் காரணம் நெடுநாள் மறைபொருளாயிருந்தது. 1964இல் செல்சர், ரே என்னும் இரு அமெரிக்க வைத்தியர், அம்மயக்கத்தின்போது இதய மின்பதிவை ஆராய்ந்து, அது மருந்தினால் விளைந்த இதயவறை நடுக்கமே எனக் காட்டினர். 1966இல் பிரெஞ்சு வைத்தியர் டெசேர்தென், மின்பதிவின் முனைகள் ஒரு கோட்டைச் சுற்றி முறுக்குண்டாற்போலத் தோன்றும் தனிவகை ஒழுங்கின்மையை விவரித்தார். குயினிடின் போன்ற மருந்துகள் இதயத்தசை மின்னடைந்து மீளும் காலத்தை நீட்டுவதால் இது நேரக்கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒழுங்கின்மையைத் தீர்க்கும் மருந்தே அதனினும் கொடிய ஒழுங்கின்மையை உண்டாக்கும் என்னும் உண்மை இவ்வாறு முதன்முதலிற் புலனாயிற்று.

இதே காலத்திற் குருதியமுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளும் வேறொரு வழியில் வளர்ந்தன. இவ்விரு வழிகளும் ஒரே வேரிற் சந்தித்தமை வியப்புக்குரியது. சர்ப்பகந்தி என்னும் மூலிகை பாரத நாட்டு வைத்தியத்திற் பன்னெடுங்காலமாக வழங்கியது. 1931இல் சலீமுசமான் சித்தீக்கி என்னும் இரசாயன அறிஞர் அதன் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, யூனானி வைத்தியப் பேரறிஞர் ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார். அது பின்னர் இதய ஒழுங்கின்மைக்கு மருந்தாயிற்று. 1949இல் பம்பாய் வைத்தியர் வக்கீல், உயர் குருதியமுக்கத்துக்குச் சர்ப்பகந்தி பயன்படுவதைப் பிரித்தானிய இதய வைத்திய ஏட்டில் வெளியிட்டார். 1952இல் சுவிற்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசேர்ப்பின் பிரிக்கப்பட்டது. ஒரே வேரில் ஒன்று அமுக்கத்தைத் தணித்தது. மற்றொன்று மின்னோட்டத்தை மாற்றியது. முன்னது நோயின் முதலை நோக்கியது. பின்னது அம்முதலிலிருந்து தோன்றிய குறியை நோக்கியது. இவ்விருவகை நோக்குக்கும் இடையிலான வேறுபாடே நம் வரலாற்றின் உயிர்நிலையாகும்.

அமுக்கத்தைத் தணித்தலால் உயிர் காக்கப்படுமா என்பதும் ஒருகாலத்தில் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1967இல் ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் படைவீரருக்கான வைத்தியசாலைகள் இணைந்து நடத்திய ஆய்வு அவ்வையத்தை நீக்கியது. மிகையான அமுக்கமுடைய 143 ஆடவருள் ஒரு பகுதியினர்க்கு மருந்தும் ஏனையோர்க்கு மருந்தற்ற வெறுங்குளிசையும் வழங்கப்பட்டன. வெறுங்குளிசை பெற்றோரிடையே 27 கடுந்தீங்குகள் நேர்ந்தன. மருந்து பெற்றோரிடையே நேர்ந்தவை 2 மட்டுமே. ஆயின் இங்கும் ஒரு நுட்பமுண்டு. 1950களின் இறுதியில் வழக்கிற்கு வந்த தயசைட் வகைச் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள் உடலின் பொற்றாசியத்தைக் குறைப்பன. பொற்றாசியம் குன்றிய இதயத்திற் குயினிடின் போன்றவற்றின் தீங்கு மிகும், டிஜிற்றாலிசும் நஞ்சாகும். 1994இல் வெளிவந்த ஓராய்வு, தயசைட்டின் அளவு கூடுந்தோறும் திடீரென இதயம் நிற்கும் ஆபத்தும் கூடுவதையும், பொற்றாசியத்தைக் காக்கும் மருந்தை உடன்சேர்க்கையில் அது குறைவதையும் காட்டிற்று. சிறிய அளவு நன்மையும் பெரிய அளவு தீமையும் தருதல் மருந்துலகின் பொதுநியதி போலும்.

1960களில் ஸ்கொத்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக், புறொப்பிரனலோல் என்னும் மருந்தைப் படைத்தார். அதிரினலின் சுரப்பு இதயத்தைத் தூண்டுவதை இது தடுப்பது. நெஞ்சுவலிக்கென அமைந்த அம்மருந்து குருதியமுக்கத்தையும் தணிப்பதை 1964இல் பிரிச்சாட், கில்லம் என்போர் வெளியிட்டனர். மாரடைப்புற்ற 3,837 பேரிடம் நடத்தப்பட்டு 1982இல் வெளிவந்த ஆய்வில், இதனை உண்டோருள் நூற்றுக்கு 7.2 பேரும் வெறுங்குளிசை உண்டோருள் 9.8 பேரும் இறந்தனர். தசையின் மின்னோட்டத்தை நேரே அடக்காது, அதனை வருத்தும் தூண்டுதலைக் குறைத்த மருந்து உயிரைக் காத்தது. பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி இவ்வரலாற்றின் திருப்புமுனைக்கு வருவோம். மாரடைப்பிலிருந்து மீண்டோரிடம் இதயவறையிற் பிறக்கும் மிகைத்துடிப்புக்கள் மிகுந்திருப்பின் அவர்கள் பின்னர் இறக்கும் வாய்ப்பும் மிகுதி என்பது 1970களில் நன்கு அறியப்பட்டிருந்தது. எனவே மிகைத்துடிப்பை அடக்கினால் மரணத்தையும் அடக்கலாம் என அறிஞர் எண்ணினர். அவ்வெண்ணம் நேர்மையானது, தருக்கத்துக்கும் இசைந்ததாகத் தோன்றிற்று. என்கெயினைட், பிளெக்கெயினைட் என்னும் புதிய மருந்துகள் மிகைத்துடிப்பை அடக்குவதில் நிகரற்றவையாய் விளங்கின. மின்பதிவுத் தாளில் அவற்றின் வெற்றி கண்கூடாகத் தெரிந்தது. இத்தகைய மருந்தை ஒரு பகுதியினர்க்கு மறுத்து வெறுங்குளிசை கொடுத்தல் அறமாகுமோ என வினவியோரும் உளர்.

ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் 1987இல் பேராய்வொன்று தொடங்கப்பட்டது. முதலில் ஒவ்வொரு நோயாளர்க்கும் மருந்து கொடுத்துப் பார்த்து, எவரிடம் மிகைத்துடிப்பு அடங்கியதோ அவர்களையே பெரும்பாலும் ஆய்வுக்குத் தெரிந்தெடுத்தனர். அதாவது, மருந்து நன்கு வேலை செய்தவர்களே அங்கிருந்தனர். பின்னர் அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மற்றப் பிரிவினர்க்கு வெறுங்குளிசையும் வழங்கினர். எவர் எதனை உண்கின்றார் என்பது நோயாளர்க்கும் தெரியாது, வைத்தியர்க்கும் தெரியாது. 1989 ஏப்ரலில், ஆய்வைக் கண்காணித்த குழுவினர் இவ்விரு மருந்துகளையும் உடனே நிறுத்துமாறு பணித்தனர். 1991இல் வெளிவந்த முழுக்கணக்கின்படி, மருந்து பெற்ற 755 பேருள் 63 பேர் இறந்திருந்தனர். வெறுங்குளிசை பெற்ற 743 பேருள் இறந்தோர் 26 பேர். ஒழுங்கின்மையால் நேர்ந்த மரணங்கள் மட்டும் முறையே 43உம் 16உம் ஆகும். சராசரியாகப் பத்து மாதங்களுக்குள்ளே இவ்வேறுபாடு தோன்றிவிட்டது. மின்பதிவுத் தாள் சீரானது, அதற்குரியவரோ மாண்டார். என்கெயினைட் 1991இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது.

இஃது எவ்வாறு நேர்ந்தது? நம் தோட்டங்களில் நீர் பாய்ச்சுவதை எண்ணிப் பார்ப்போம். வாய்க்கால் செவ்வையாயிருப்பின் நீர் ஒரே சீராகப் பாயும். இடையிலே மண்மேடு ஒன்று எழுந்தால் நீர் அதனைச் சுற்றிக்கொண்டு ஓடும். தழும்பும் நாருமுள்ள இதயத்தசை அத்தகைய மேட்டை ஒத்தது. மேற்கூறிய மருந்துகள் மின்னலையின் வேகத்தைக் குறைப்பன. நலமான தசையில் இதனாற் பெருந்தீங்கில்லை. மேடுள்ள தசையிலோ, மெதுவாகச் சுற்றிவரும் அலை தான் புறப்பட்ட இடத்தை மீண்டும் அடையும்போது அவ்விடத்துத் தசை ஓய்வெடுத்து மறுபடியும் தூண்டப்படத்தக்க நிலையில் இருக்கின்றது. எனவே அலை ஓயாது சுழல்கின்றது; சுழற்சி நடுக்கமாக மாறுகின்றது.

மேற்கூறிய ஆய்வு மாரடைப்புற்றோரிடம் நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. எனினும் அதன் எச்சரிக்கை குருதியமுக்கத்தால் தடித்த இதயத்துக்கும் பொருந்துமென வைத்திய உலகம் கொண்டது. தடித்த தசையிலும் நாருண்டு. மின்னடைந்து மீளும் காலம் அங்கும் இடத்துக்கிடம் வேறுபடுகின்றது. இதயம் தடித்த குருதியமுக்க நோயாளரிடம் இதயவறை ஒழுங்கின்மைகள் மிகுந்திருப்பதை 1980களில் வெளிவந்த ஆய்வுகள் காட்டியிருந்தன. ஆகவே அமெரிக்க, ஐரோப்பிய இதய வைத்தியச் சங்கங்கள் 2006இல் இணைந்து வெளியிட்ட சோணையறை நடுக்கம் பற்றிய நெறிமுறை, இதயச் சுவர் பெரிதும் தடித்தவர்க்குப் பிளெக்கெயினைட் போன்றவற்றைத் தவிர்த்து, அமியடரோனை ஏற்றது.

அமியடரோனும் குறையற்றதன்று. எகிப்து நாட்டு மூலிகையொன்றின் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு 1960களின் தொடக்கத்திற் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்கெனச் செய்யப்பட்ட அம்மருந்தின் ஒழுங்குபடுத்தும் ஆற்றலை, 1970களில் ஆர்ஜென்ரீன வைத்தியர் ரொசன்பவும் உலகறியச் செய்தார். அதன் நிறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அயடீனாகும். எனவே அது தைரொயிட் சுரப்பியைக் கலக்கும், நுரையீரலையும் தாக்கக்கூடும், நிறுத்திய பின்னரும் வாரக்கணக்காக உடலில் தங்கும். தடித்த இதயத்தில் நடுக்கத்தைத் தூண்டுவது அருமையாதலின் மட்டுமே அது ஏற்கப்பட்டது.

அடுத்து எழுந்த வினா சோணையறை நடுக்கம் பற்றியது. குருதியமுக்க நோயாளரிடம் பெரிதும் காணப்படும் ஒழுங்கின்மை இதுவே. நாடியை ஒழுங்குக்குக் கொணர்தல் நன்றோ, வேகத்தை மட்டும் தணித்து விடுதல் நன்றோ? 2002இல் வெளிவந்த ஆய்வொன்றில் 4,060 பேர் பங்குகொண்டனர். அவர்களுட் பத்தில் ஏழுபேர் குருதியமுக்க நோயாளர். ஐந்தாண்டில் ஒழுங்குபடுத்தப்பட்ட பிரிவினருள் நூற்றுக்கு 23.8 பேரும், வேகம் மட்டும் தணிக்கப்பட்ட பிரிவினருள் 21.3 பேரும் இறந்தனர். ஒழுங்குபடுத்தியதால் உயிர்நலம் கிட்டவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இதயம் தடித்த 9,193 குருதியமுக்க நோயாளரிடம் லொசாற்றன், அற்றெனொலோல் என்னும் இரு மருந்துகளை ஒப்பிட்டது. இரண்டும் அமுக்கத்தை ஏறக்குறைய ஒரே அளவில் தணித்தன. ஆயின் இதயத் தடிப்பைக் கூடுதலாகக் குறைத்த லொசாற்றனை உண்டோரிடம் புதிதாகச் சோணையறை நடுக்கம் தோன்றியது 150 பேருக்கே. மற்றப் பிரிவினருள் 221 பேருக்கு. லொசாற்றன் ஒழுங்கின்மை தீர்க்கும் மருந்தெனப் பெயர் பெற்றதன்று. எனினும் நோயின் முதலைத் தணித்தமையால் ஒழுங்கையும் காத்தது. நோயை அறிவதோடு நில்லாது அதன் முதலையும் ஆராய வேண்டுமென வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வற்புறுத்தியது இங்கு நினைவுகூரத் தக்கது.

இதனால் ஒழுங்குபடுத்தும் மருந்துகள் யாவும் வேண்டாதன என முடிவு கட்டுதல் மற்றொரு பிழையாகும். 2020இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு 2,789 பேரை ஆராய்ந்தது. அவர்களுட் பெரும்பாலோர் குருதியமுக்க நோயாளர். நடுக்கம் கண்டறியப்பட்டு ஓராண்டுக்குள்ளேயே மருந்தாலோ, சுட்டு நீக்கும் முறையாலோ நாடியை ஒழுங்குபடுத்திய பிரிவினரிடம் இதயநோய் மரணம், பாரிசவாதம் முதலிய பெருந்தீங்குகள் ஆண்டுக்கு நூற்றுக்கு 3.9 ஆகவும், வழக்கமான பரிகாரம் பெற்றோரிடம் 5.0 ஆகவும் இருந்தன. காலம் தாழ்த்தாது, இதயத்தின் அமைப்பை முன்னரே ஆராய்ந்து, உரிய மருந்தை உரியவர்க்குத் தெரிந்தெடுத்தால் நன்மையுண்டு என்பதே இதன் பொருள். 1989இல் மரணம் விளைவித்த பிளெக்கெயினைட்டும் தழும்பற்ற இதயமுடையோர்க்கு இன்றும் பயன்படுகின்றது. மருந்து மாறவில்லை, அதனை எவ்விதயத்துக்குக் கொடுப்பது என்னும் அறிவே வளர்ந்தது.

இவ்வரலாறு நமக்குணர்த்துவது யாது? குறி வேறு, பொருள் வேறு. மிகைத்துடிப்பு ஆபத்தின் குறி. குறியை அழித்தவர் ஆபத்தை அழித்ததாக எண்ணினர். பரீட்சைப் புள்ளியையே கல்வியெனக் கொள்ளும் ஆசிரியரும், ஏட்டின் அழகையே நிருவாகத்தின் சிறப்பெனக் கொள்ளும் அலுவலரும் இம்மயக்கத்துக்கு ஆளானோரே. இரண்டாவது, ஒரு கருத்து தருக்கத்துக்கு இசைவதனால் மட்டும் உண்மையாகிவிடாது. எண்ணிப் பார்த்தலும் ஒப்பிட்டுப் பார்த்தலும் வேண்டும். வெறுங்குளிசை கொடுத்தல் அறமோ என ஐயுற்ற வேளையில், வெறுங்குளிசை பெற்றவர்களே கூடுதலாக உயிர்தப்பினர் என்பதை எண்ணுங்கால் உள்ளம் நடுங்குகின்றது. தாம் உண்பது இன்னதென அறியாமலே அவ்வாய்வுகளுக்கு உடன்பட்ட ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. அவர்களுள் 1991இன் கணக்கில் எண்ணாக மட்டும் நிற்கும் அறுபத்து மூவர் தம் உயிரைக் கொடுத்துப் பின்வந்தோர் பலரின் உயிரைக் காத்தனர். அரசர் பெயர்களை மனனம் செய்யும் மாணாக்கர், பெயரறியா இம்மாந்தரையும் வரலாற்றின் ஏட்டிற் சேர்த்து எண்ணுதல் கடனாகும்.